ஓவர்டைம்

செந்தூல் பிளாட், பதினோராம் மாடி.
மின்தூக்கி பழுது.
வயலினோடு ஏறி வந்து மூச்சு வாங்கினால்
டீச்சர் இலக்கியா, என்னில் பாதி வயசு,
தண்ணீரை நீட்டிவிட்டு மணி பார்ப்பாள்.
ஒரு மணி நேரம் அறுபது வெள்ளி.

'வில்லை பஸ் ஸ்டியரிங் மாதிரி
பிடிக்காதீங்க அங்கிள்.'
இருபத்தாறு வருஷத்துப் பிடி.
விரல் விரலாகக் கழற்ற வேண்டியிருக்கிறது.

ஸ வருகிறது.
ரி வரும் வழியில்
துருப்பிடித்த கீல் ஒன்று எண்ணெய் கேட்கிறது.
சுவருக்கு அந்தப்பக்கம் சீனப்பாட்டி
டிவி சத்தத்தைக் கூட்டுகிறாள்.
ம மட்டும் எனக்கு இன்னும் வழிவிடவில்லை.

வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியிருக்கிறேன்.
நேற்று துவைக்க எடுத்த மனோரதி
கறுப்புக் கால்சட்டைத் தொடையிலிருந்த
வெள்ளைப் பொடியை
நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.
'ரொட்டி சானாய் மாவு' என்றேன்.
'மாவுல பிசின் வாசமா?'

சொல்ல ஒன்றும் அகப்படாமல் நிற்கையில்
சமையலறையில் வெங்காயம் நறுக்கும் சத்தம்.
அதன் மேலேயே, சாதாரணமாக,
ஸ ரி க ம
என்று பாடிக்கொண்டு போனாள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம்.
அந்த ம-வை
இவ்வளவு நாள்
எந்த டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்?