ஆறில் நான்கு

குஸ்கோக்விம் தண்ணீரை
டம்ளரில் பிடித்து வைத்தால்
விடிவதற்குள் அடியில் விரற்கடை வண்டல்.
இதைத்தான் குடிக்கிறது எங்கள் மோட்டார்.
இதைக் குடித்துத்தான் சூடு ஆறுகிறது.

நாளை காலை ஆறு முதல் மாலை ஆறு வரை
வலை போட அனுமதி.
அதற்கப்புறம் எப்போதென்று யாரும் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம்
மோட்டாரின் பின்னால் பீச்சும் அந்த மெல்லிய தாரை
சொட்டாகி, அதுவும் நின்றது.
"அகாஃபியா, உன் மோட்டாருக்கு நீர்க்கடுப்பு"
என்றான் தம்பி வாஸிலி.
இன்ஜினை அணைத்தேன்.
சிரிக்காமல் துடுப்புப் போட்டு வந்தோம்.

ஐந்து போல்ட்.
ஐந்தாவது எப்போதும் ஒளிந்திருக்கும்.
கியர்க் கம்பியைக் கழற்றி
மோட்டாரின் காலை உருவி
கட்டைமேல் கிடத்தினேன்.
ராத்திரி பதினொன்றுக்கும் வெளிச்சம்;
கொசுவுக்கு ஓவர்டைம்.

மூடியைத் திறந்தால்
இம்பெல்லர், கறுத்த ரப்பர்ப் பூ.
ஆறு இதழில் நான்கு.

"புதுசுதான் இருக்கே, போடு, தூங்கலாம்."

மூன்று வருஷம் முன்னால் அப்படித்தான் போட்டேன்.
உதிர்ந்த துண்டு உள்ளேயே ஏறி அடைத்து
நடு ஆற்றில் இன்ஜின் இறுகியது.
ஏழு மணி நேரம் மிதந்தோம்.
அவனுக்கு மறந்துவிட்டது.
தவணை கட்டியவள் நான்.

செப்புக் குழாயில் வாய் வைத்து ஊதினேன்.
சேறும் கிரீஸும் நாக்கில்.
துப்பினாற்போல் வந்து விழுந்தது ஒன்று.
இன்னொன்று
தெர்மோஸ்டாட்டைத் திறக்க வைத்தது.
அங்கே, வெட்டிப் போட்ட நகம் மாதிரி.
உள்ளங்கையில் சேர்த்துப் பார்த்தேன்:
கிழிசலோடு கிழிசல் பொருந்தியது.

அப்போது பார்த்து
அரைநிலாச் சாவி புல்லில் விழுந்தது.
அரிசி மூக்களவு இரும்பு.
வாஸிலி முழங்காலிட்டுத் தடவினான்.
டார்ச் தேவையில்லாத ராத்திரி,
ஆனாலும் டார்ச் அடித்தான்.
நாயை எழுப்பினால்
அதன் வயிற்றடியில்.

பாத்திர சோப்பைத் தடவி
வலப்பக்கமாகத் திருகித் திருகி
அமுக்கினேன்.
புது இதழ்கள் ஆறும்
ஒரே பக்கம் சாய்ந்து
உள்ளே போயின.

ஐந்தே முக்கால்.
கயிற்றை இழுத்தேன்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
வாஸிலி வாயைத் திறந்தான்.
நான் கையை உயர்த்தினேன்.
ஒரு இருமல், ஒரு வாய்ச் சேறு,
பிறகு வளைந்து விழுந்தது தாரை,
பழுப்பாக, கனமாக.
விரல் நீட்டினேன்:
குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு.

அவன் வலையை ஏற்றிக்கொண்டிருக்கிறான்.
கட்டைமேல் ஒரு வாஷர்
மிச்சம் இருக்கிறது.
அதை அவனிடம் சொல்லவில்லை.