நாளுக்கு நான்கு விரற்கடை

மூடியைத் திருகியதும்
முதலில் வருவது வாசனை.
இரும்பு, ஈரமண், அதற்கும் அடியில்
நான் இன்னும் பெயர் வைக்காத ஒன்று.
அளவு நாடாவை இறக்குகிறேன்.
நீரைத் தொட்டதும் அது கீச்சிடும்;
செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரியிலிருந்து
யாராவது எட்டிப் பார்ப்பார்கள்.
மூன்று மீட்டர் நாற்பத்திரண்டு.
எழுதிக்கொள்கிறேன்.

செரிந்திங்கில் எல்லாருக்கும்
விடை முன்பே தெரியும்.
ஆலையின் கழிவுக்குளம் என்றார் மருந்துக்கடைக்காரர்.
வங்காளதேசிகளின் கொங்சி என்றது கோப்பிக்கடை,
ஒரே குரலில், நான்கு மேசையிலிருந்தும்.
ஆலை மேலாளர் அஸ்மான் என்னைக் கண்டதும்
கோப்புகளைத் தாமே எடுத்து வைத்தார்
ஏச்சு வாங்கிப் பழகியவரின் பணிவோடு.

பதினோரு கிணறு போட்டேன்.
கிணறென்றால் வாளி இறங்கும் கிணறல்ல,
மணிக்கட்டுப் பருமனில் பிளாஸ்டிக் குழாய்.
மூன்றின் நீர்மட்டம் தெரிந்தால் போதும்,
தண்ணீர் எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறதென்று
காகிதத்தில் ஓர் அம்பு வரையலாம்.

வரைந்தேன்.
கணக்குப் பிசகென்று அழித்தேன்.
மழைவிட்ட மறுநாள் வந்து மறுபடி அளந்தேன்.
நிலம் ஆற்றுக்குச் சரிகிறது,
சாக்கடை ஆற்றுக்கு ஓடுகிறது,
மாடுகூட அந்தப் பக்கம்தான் இறங்குகிறது.
அடியில் இருப்பது மட்டும்
மேட்டைப் பார்த்து நடக்கிறது,
தாமான் வீடுகளைப் பார்த்து.

அம்மோனியா களிமண்ணைக் கண்டால்
ஒட்டிக்கொண்டு பின்தங்கிவிடும்.
குளோரைடு அப்படியில்லை, நிற்காது, உறவாடாது.
அதன் பின்னாலேயே நூல்பிடித்துப் போனேன்,
குப்பி குப்பியாக, ஐஸ் பெட்டியோடு, ஏழு மாதம்.
போய் நின்றது ஆலையில் அல்ல.
பால் தொழிற்சாலை இருந்த இடத்தில்.
பால் என்றால் ரப்பர்ப் பால்.
தொண்ணூற்றிரண்டில் மூடிவிட்டார்கள்.
இப்போது அங்கே புட்சால் திடல்,
இரவெல்லாம் வெள்ளை விளக்கு,
பையன்கள் கோல் கோல் என்று கத்துகிறார்கள்.
பால் உறையாமல் இருக்க ஊற்றியதும்
பின் உறைய ஊற்றியதும்
காலடியில் ஐந்து மீட்டரில் இருக்கின்றன,
ஊற்றிய கைகள் எப்போதோ போய்விட்டன.

அதுபாட்டுக்கு ஆற்றுக்குப் போயிருக்கும்,
யாருக்கும் தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாக.
யார் திருப்பியது?

குணாளன்.
கார் கழுவும் கடை குணாளன்.
ஆறு வருஷத்துக்கு முன் போட்ட ஆழ்துளை,
இரண்டு குதிரைச் சக்தி மோட்டார்.
குழாயில் தண்ணீர் வராத நாட்களில்
ரப்பர் ஹோஸை ரோட்டோரம் இழுத்து விடுவார்.
நாற்பது வீட்டு வாளி. ஒரு காசு வாங்கியதில்லை.
கோயில் கமிட்டி சால்வை போட்டபோது
கூச்சப்பட்டு
பாதியில் இறங்கிப் போனவர்.

நாளுக்கு நான்கு விரற்கடை.
ஆறு வருஷம், நூற்றைம்பது மீட்டர்.
இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தேன்.
அவர் இரக்கப்பட்டு இறைக்க இறைக்க
அது அவரிடம் வந்துகொண்டே இருந்திருக்கிறது,
கூப்பிட்ட விருந்தாளி மாதிரி.

அறிக்கையில் 'மூலம்' என்றொரு கட்டம் இருக்கிறது.
ஒரு சொல்லுக்குத்தான் இடம்.

இன்று அவர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.
வரைபடம் மடிந்து மடியில் கிடக்கிறது.
தே கொண்டுவந்து வைத்தார்.
"நம்ம ஊத்துத் தண்ணிதான், குடிங்க.
பவளக்கொடி பிள்ளைக்குப் பால் கலக்கவும்
இதைத்தான் எடுத்துட்டுப் போவா."

பையில் மானி இருந்தது. எடுக்கவில்லை.
எனக்கு எண் தெரியும்.
கிளாஸைத் தொட்டேன், சூடாக இருந்தது,
மேலே நுரை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது.

"எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சிடுச்சா, மிஸ்?"

தெரிந்தது என்றேன்.
அடுத்த வாக்கியத்துக்கு
நான் வாயைத் திறந்தபோது
கொட்டகைக்குப் பின்னால்
மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது.
தாங்கியில் தண்ணீர் குறைந்திருக்கும்.
ஏழாம் குழாயில் மட்டம் இறங்கும் இந்நேரம்,
ஒன்றரை சென்டிமீட்டர்.
இப்போதெல்லாம் சத்தத்திலேயே தெரிகிறது.