புளியரை, இரவு ஷிப்ட்

பறவைக் காய்ச்சல் சீசன்.
கேரளாவிலிருந்து இறங்கும் டயருக்கெல்லாம்
மருந்து அடிப்பது என் வேலை.

கூண்டுக்குள் சின்ன டி.வி.
துருக்கியில் கிளம்பிய ஜீப்
இருபத்தாறாம் நாள், மங்கோலியாவை நோக்கி.
வெள்ளைக்காரன் தமிழில் பேசுகிறான்,
வாய் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம்.

எத்தனை நாட்டுச் சேறு அந்தச் சக்கரத்தில்!
கை தானாக ஸ்பிரேயரைத் தேடுகிறது.

ஹாரன். காலிக் கோழிக்கூடுகளோடு ஒரு லாரி.
"படமா பாக்கீரு அண்ணாச்சி?"
நான்கு டயர், ஆறு டயர், அடித்து அனுப்பினேன்.
ஆரியங்காவு தாண்டி நான் போனதில்லை.

திரும்பி வந்தால்
ஜீப் ஏதோ எல்லையில் நிற்கிறது.
தடுப்புக் கம்பத்தைத் தூக்குகிறவன்
இரண்டே விநாடி தெரிந்தான்.
கம்பளித் தொப்பி. பீடி மாதிரி ஏதோ.
பேரைச் சொல்லவில்லை.

கேமராவைப் பார்க்கவில்லை அவன்.
குனிந்து
டயரைத்தான் பார்த்தான்.