பன்னிரண்டு கடல் மைல்

பதினான்காம் பிரிவில் ஒரு கடல் இருந்தது.

எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது.
அசுன்சியோனுக்கு ஓர் ஆறு உண்டு,
பெருகினால் கீழ்த்தெருக்களில் படியேறிக்
கட்டில் கால்களை நனைக்கும்.
அதற்கு மேல் தண்ணீரோடு உறவில்லை.
"கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைலுக்குள் அமைந்த
துறைமுகக் குடியிருப்புகளுக்கும் இச்சட்டம் செல்லும்."
காற்புள்ளி கச்சிதம். எழுத்துப்பிழை இல்லை.
உப்பு மட்டும் கரித்தது.

நான் பேரவையில் பிழை திருத்துகிறவள்.
பத்தொன்பது வருடம், மூன்று கண்ணாடி.
கருத்தில் கைவைக்காதே என்பது
முதல் நாள் சொன்ன ஒரே விதி.
கடல் கருத்தா, பிழையா?

குடும்பக் காப்பு மசோதா.
கொண்டுவருபவர் உறுப்பினர் தியோதாத்தோ கன்தேரோ.
ஆறு மணிக்கு அச்சுக்குப் போகவேண்டும்.
மாடியேறிப் போய்க் காகிதத்தை நீட்டினேன்.
தெரேரே உறிஞ்சிக்கொண்டிருந்தவர்
படித்தார், சிரித்தார், பிறகு காது சிவந்தார்.
"தாலிவால்திஸ் அனுப்பியது" என்றார்.
"பால்டிக் கரையோரத்தில் உறுப்பினர்.
அவருக்கும் யாரோ அனுப்பியது."
நடுவில் இரண்டு பேரவைகள்,
ஒன்று எங்களைப் போலவே கடலற்றது.
அங்கே யாருமே படிக்கவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன்.

அவர் ஜன்னலைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.
ஒரு ஹோட்டல், ஒரு காலை உணவு,
முப்பது நாட்டு உறுப்பினர்கள், கைகோத்து ஜெபம்.
பக்கத்து நாற்காலியில் அந்த உயரமான மனிதர்,
பன்னில் வெண்ணெய் தடவத் தெரியாதவர் போல் தடவிக்கொண்டு.
அவ்வளவுதான் பழக்கம்.
ஐந்து மாதம் கழித்து மகள் லெயோனார்தாவுக்கு நுரையீரலில் நீர்.
ஒன்பது இரவு.
ஒன்பது இரவும் தொலைபேசி அடித்தது.
அங்கே பனி, விடியற்காலை மூன்று.
அந்த மனிதர் எங்கள் மொழியில்
ஒரே சொல்லைப் பாடமாக்கி வைத்திருந்தார்: மூச்சு.
"மூச்சு, ஆண்டவரே, மூச்சு" என்று
கோணல் உச்சரிப்பில், அழுத்தத்தைத் தப்பான அசையில் வைத்து.
பத்தாம் நாள் அவள் பசிக்கிறது என்றாள்.

"அவர் அனுப்பியதை
நான் படித்துப் பார்க்கவா வேண்டும், நிமியா?"

பதில் சொல்லத் தெரியவில்லை.
கீழே வந்து உட்கார்ந்தேன்.

மூன்றாம் பிரிவை மறுபடி எடுத்தேன்.
குடும்பம் என்பது எது என்று அதில் இருக்கிறது.
ஓர் ஆண், ஒரு பெண், மணம், அவர்கள் பெற்றது.
எங்கள் வீட்டு மேசையில்
நான், எதுவிஹிஸ்,
அவள் அண்ணன் விட்டுவிட்டுப் போன பையன் நேரி.
பள்ளிப் படிவங்களில் யார் கையெழுத்துப் போடுவது என்று
நாங்கள் நாணயம் சுண்டுவோம்.
மூன்று தடவை படித்தேன்.
வேற்றுமை சரி, எண் சரி, பால் சரி.
பிழையே இல்லை.

ஐந்து நாற்பது வரை கடலை விட்டுவைத்தேன்.
விட்டுவைத்தால் போதும்:
அவை சிரிக்கும், மசோதா குழுவுக்குத் திரும்பும்,
ஒரு வருடமாவது அங்கே தூங்கும்.
யாரும் என்னைக் குற்றம் சொல்லமுடியாது,
கருத்தில் கைவைக்காதவள் நான்.
ஐந்து ஐம்பதுக்கு
என் கை, என்னைக் கேட்காமல்,
அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தது.
பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க
அதற்குத் தெரியாது.

அச்சுக்கூடத்து மணி அடித்த பிறகு
படியில் எதிரே வந்தார் கன்தேரோ.
"வியாழக்கிழமை பேசுவேன், கடலைச் சொல்லிச் சிரிக்கவேண்டும்.
உனக்காக ஜெபிக்கச் சொல்கிறேன்.
வீட்டில் யார் யார்? அவர் பெயர் சொல்லித்தான் ஜெபிப்பார்."
பேனாவைத் திறந்துகொண்டு, நிஜமாகவே, காத்து நின்றார்.

மூன்று பெயரையும் சொன்னேன்.
எதுவிஹிஸை ஓர் எழுத்துத் தப்பாக எழுதினார்.
திருத்திக் கொடுத்தேன்.