மூன்று நிமிடம்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியதும்
என் ஜெராக்ஸ் கடை வாசல்வரை வண்டிகள்.
"எவ்வளவு நேரம்க்கா ஆகும்?"
என்னைத்தான் கேட்பார்கள்,
ரயிலை நான் ஓட்டுவதுபோல.

அதற்குத்தான் இந்தப் பெட்டி.

எழுத்துகளும் வைக்க ஆசை.
இருநூற்று நாற்பத்தேழு தகடு மாட்டினால்
உருளை டிராக்டர் டயர் அளவு வரும் என்றான்
மோட்டார் வாங்கித் தந்த நைனார்.
எண்களோடு நிறுத்திக்கொண்டேன்.

நாலு மாதம் நோட்டில் குறித்தேன்:
மன்னார்குடி வண்டிக்கு ஒன்பது,
நெல் ஏற்றிய கூட்ஸுக்கு இருபத்திரண்டு,
இன்ஜின் மாற்றினால் கடவுள் விட்ட வழி.

பாழான லேமினேஷன் அட்டைகளைக்
குறுக்கே வெட்டி ஒட்டினேன்.
முதல் தடவை
ஐந்தின் தலைக்கு நாலின் கால்.
பிரித்தேன்.
ஒரு எண்ணின் கீழ்ப்பாதியை
அதற்கு முந்தியதன் முதுகில் ஒட்டவேண்டும் என்பது
இரவு ஒன்றரைக்குத்தான் உறைத்தது.

படக்.
சீட்டுக் கலைக்கிற சத்தத்தோடு
நிமிடங்கள் விழத் தொடங்கின.
ஆட்கள் இன்ஜினை அணைத்தார்கள்.
என்னைக் கேட்பதை விட்டார்கள்.
கொஞ்சம் வருத்தம்தான்.

ஐப்பசி அடைமழையில் ஓர் அட்டை வாய்பிளந்து
மூன்றிலேயே சிக்கியது.

ரயில் போய்விட்டது.
கேட் தூக்கியாகிவிட்டது.
ஒருவரும் நகரவில்லை.
நெல் லாரி, பள்ளி வேன்,
அறுப்பு மெஷின்மேல் குடையோடு ஓர் ஆள்,
எல்லாரும் அண்ணாந்து
என் பெட்டியைப் பார்த்தபடி.
இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறதாம்.

நனைந்துகொண்டே ஓடி
ஒட்டடைக் குச்சியால் தட்டினேன்.
இரண்டு, ஒன்று, சைபர்.
அத்தனை ஹாரனும் ஒன்றாக.

கேட்கீப்பர் பக்கிரிசாமி
தன் கைப்பிடியை ஒருமுறை பார்த்தார்,
என் குச்சியை ஒருமுறை.