பேரம் பேசாதவன்

குளச்சலில் இருந்து படம் போட்டேன்:
வள்ளத்து எஞ்சின், பத்துக் குதிரை,
நாற்பத்தெட்டாயிரம்.

ஐந்தாம் நிமிடம் ஒருவன் கூப்பிட்டான்.
பட்டாளமாம். ராஜஸ்தானில் முகாமாம்.
"பார்க்கவே வேண்டாம் மேடம், பணம் இப்பவே."

கயிற்றை ஒரு இழுப்பு இழுத்து
சத்தம் கேட்காமல்
எவன் வாங்குவான் எஞ்சின்?
மணல்காட்டில் அவனுக்கு எதற்கு வள்ளம்?

போனில் வந்தது ஒரு கட்டம்,
மீன்முள் சிதறினதுபோல் கறுப்பும் வெள்ளையும்.
"ஸ்கேன் பண்ணி உங்க ரகசிய நம்பரை அடிங்க,
காசு வந்துரும்."

வாங்குகிறவள் கையை நீட்டினால் போதாதா?
பெட்டியின் சாவியை
என்னத்துக்குக் கேட்கிறான்?

வைத்துவிட்டேன்.
பத்துத் தடவை அடித்தான்.
மேடத்தில் தொடங்கி
கெட்டவார்த்தையில் முடித்தான்.

சனிக்கிழமை முட்டத்துத் ததேயுஸ்,
பகல் பதினொன்றுக்கு,
ஏலக்கூடத்து முன்னால், நாலுபேர் பார்க்க.
டிரம்மில் தண்ணீர் நிறைத்து இழுத்தார்.
எஞ்சின் இருமியது.
பிளக்கைக் கழற்றி மோந்தார்.
"இதுக்கு டிபி இருக்கு எக்கா."

மூவாயிரம் குறைத்தார்.
வயிறு எரிந்தது எனக்கு,
நிம்மதியாயும் இருந்தது.

ஏலக்கார செனோபியா
நோட்டை வெயிலில் பிடித்துப் பிடித்து எண்ணினாள்.
ஆதார் நகல் வாங்கி
விற்ற சீட்டில் கையெழுத்தும் போட்டாயிற்று.

டெம்போ திரும்பின பிறகுதான் ஞாபகம்:
டேங்கில் இரண்டு லிட்டர் கிடந்ததே,
அதற்கு விலை பேசவில்லை.