கூட்டக் குறிப்பில் எழுதாதவை

மருதங்கேணி பிரதேச செயலகம், மேல்மாடி,
புதன், காலை ஒன்பதரை.
"நலனோம்புச் சேவைகள்: பயனாளிகளுடன் சேர்ந்து வடிவமைத்தல்"
என்று பதாகை கட்டியிருந்தோம்.
ஒரு மூலை அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது.
குறிப்பெடுப்பது என் வேலை.

பத்தேகால் வரை ஒருவரும் இல்லை.
கொழும்பிலிருந்து வந்த ஐயா
மணிக்கூட்டைப் பார்த்தார்.
"அக்கறையில்லாத சனம்" என்றார்.
அதை நான் எழுதவில்லை.

கீழே இறங்கிப் பார்த்தால்
சைக்கிள் கொட்டிலுக்குள் இருபத்துமூன்று பேர்.
குணநேசன் அண்ணாந்து நின்றார்.
"பத்தொன்பது படி, தங்கச்சி.
என்ர பொய்க்காலுக்கு
ஏழு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்."

நீலக் கதிரைகளை இறக்கினோம்.
பிளேன்டீயும் றோல்ஸும் இறங்கின.
கடைசியாக ஐயா இறங்கினார்.
புரொஜெக்டரை மறந்துவிட்டோம்;
ஆளில்லா மண்டபத்துக்கு அது
முதல் சிலைட்டைக் காட்டிக்கொண்டே இருந்தது.

வினாக்கொத்து, முதலாம் கேள்வி:
படைவீரர் இலக்கம், பதவிநிலை.
தெற்கிலே வீடு திரும்பிய சிப்பாய்களுக்காக எழுதியது,
சொல்லுக்குச் சொல் தமிழாகி வந்திருந்தது.
அன்ரனிற்றா தாளைக் கவிழ்த்து வைத்தா.
"இலக்கத்தை எழுதினால்
பிறகு ஆர் வந்து பாப்பினம்?"
ஒரு காகம் றோல்ஸ் ஒன்றைத் தூக்கிப் பறந்தது.
எல்லோரும் அதையே பார்த்தோம்,
வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

யூட் றெஜினோல்ட் ஒன்றும் பேசவில்லை.
எழும்பி, தன் கதிரையை
கேற் தெரியிற பக்கம் திருப்பிப்போட்டு இருந்தார்.
"கதைக்கிறதுக்கு அறை கட்டினால்
இப்பிடி வையுங்கோ."
அவ்வளவுதான்.
பக்கத்தில் இருந்தவரும் திருப்பினார்.
பிறகு அவர்களின் மனைவிமார்.
வட்டம் பிறையானது.
ஐயா மட்டும் வாசலுக்கு முதுகு காட்டி இருந்தார்.
முதுகு என்று ஒன்று தனக்கு இருப்பதே
அவருக்கு நினைவில்லை.
கொடுத்துவைத்தவர்.

சிவறூபி எழும்பினா, மடியில் பிள்ளையோடு:
"உங்கட ஆலோசனை இலக்கம்
எட்டரையிலயிருந்து நாலேகால் வரைக்கும்.
இவர் எழும்பி வளவைச் சுத்துறது விடியப்புறம் மூண்டுக்கு.
அவருக்கு நான் முழிச்சிருக்கிறன்.
எனக்கு ஆர்?"

"வீட்டை வந்தால்
அரசாங்க எழுத்துப் போட்ட வாகனம் வேண்டாம்.
மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம்."
இதைச் சொன்னவர் பெயர் எழுதவேண்டாம் என்றார்.

குளிர் காலத்தில் தோளுக்குள் இருக்கும் இரும்பு
என்ன செய்யும் என்று ஒருவர்
கையை உயர்த்திக் காட்ட முயன்றார்.
பாதியில் நின்ற கையை
எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?
"ஏனையவை" என்று போட்டேன். பிறகு வெட்டினேன்.

ஐயா கெட்டவர் அல்ல.
நாலாவது கேள்வியிலிருந்து
வினாக்கொத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.
கேட்டார். வியர்த்தார்.
கிளம்பும்போது படிகளை நின்று பார்த்தார்;
உதடு அசைந்தது, எண்ணியிருக்கவேண்டும்.
ஆனாலும் முதலாம் கேள்வியை
எடுக்க முடியாது என்றார்.
இலக்கம் இல்லாவிட்டால் கணினி ஏற்காதாம்.

இரவு வீட்டில் இருந்து பதிவேற்றினேன்.
கணினி ஏற்கவில்லை.
19 என்று அடித்தேன். ஏற்றது.
அடுத்ததுக்கும் 19.
அதற்கடுத்ததுக்கும்.
மேசை லாச்சிக்குள் அண்ணாவின் படம் இருக்கிறது;
குறிப்பெடுக்க வருகிறவளிடம்
வீட்டில் யார் என்று எவரும் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து அழைப்பு.
எல்லோருக்கும் எப்படி ஒரே இலக்கம்?
வந்தவர்கள் இருபத்துமூன்று என்றால்
படிவம் ஏன் இருபத்துநாலு?

முதலாவதுக்கு, படிகளைச் சொன்னேன்.
இரண்டாவதுக்கு
லைன் சரியில்லை, ஐயா, என்றேன்.